சப்மரைன்ல இருந்தவங்களோட பெட்டிகள்: மலையில இருக்கிற நாம என்ன செய்யணும்?

வெலிங்டன் மருமகள்:

எல்லாருக்கும் வணக்கம். உதவி கேட்டுத்தான் இந்த இழையைத் தொடங்குறேன். என் மாமனார் நேவியில சப்மரைன் (நீர்மூழ்கிக் கப்பல்) பிரிவு எலக்ட்ரீஷியன். கடைசியா இருந்தது ஐஎன்எஸ் வாக்லியில. போன ஐப்பசி மழையில காலமாயிட்டார். அவரோட இரும்பு ட்ரங்க் பெட்டி இப்ப எங்க பொறுப்பு.

உள்ளே வெள்ளை யூனிஃபார்ம், சப்மரைன்காரங்க போடுற டால்ஃபின் பேட்ஜ், மெடல்கள், டிஸ்சார்ஜ் புக், ரஷ்ய எழுத்துல அவர் கையால குறிப்பெடுத்த நோட்டு, பசை ஆல்பம் நிறைய கறுப்புவெள்ளைப் படங்கள், மாமிக்கு எழுதின இன்லேண்ட் லெட்டர் கட்டு எல்லாம் இருக்கு. படத்துல இருக்கிறவங்க யாருன்னு எங்க யாருக்கும் தெரியல. ஆல்பத்தோட ஓரத்துல பச்சையா பூஞ்சை பிடிச்சிருச்சு. குன்னூர் ஈரம் உங்களுக்குத் தெரியாததா.

வெலிங்டன்ல பட்டாளம்னா ஆர்மிதான். ஒரு பக்கம் மெட்ராஸ் ரெஜிமெண்ட் மையம், இன்னொரு பக்கம் ஆபீசர்கள் படிக்கிற ஸ்டாஃப் காலேஜ். 'எந்த ரெஜிமெண்ட் சார்?'னுதான் எல்லாரும் கேப்பாங்க. தண்ணிக்கடியில வேலை செஞ்சேன்னு அவர் சொன்னா அதுக்கு மேல யாரும் கேட்டதில்ல, அவரும் சொன்னதில்ல. நானும் ஒரே வீட்ல இத்தனை வருஷம் இருந்தேன், அவர் சொன்னதெல்லாம் ரெண்டு பக்கத்துல எழுதிடலாம். இதை எப்படிக் காப்பாத்துறது, யார்கிட்ட கொடுக்கிறது? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கோத்தகிரி எக்ஸ்நேவி:

அம்மா, மனசு கனத்துப் போச்சு. நானும் சப்மரைன்காரன்தான். வாக்லியில இல்ல, அதே ரகத்துல வேற போட் (சப்மரைனை நாங்க போட்னுதான் சொல்வோம்). உங்க மாமனாரோட வேலை என்னன்னு உங்க பிள்ளைகளுக்குத் தெரியணும், அதனால கொஞ்சம் நீட்டியே எழுதுறேன்.

நம்ம நாட்டுக்கு முதல் சப்மரைன் கல்வரி. 1967 டிசம்பர் 8, அப்ப சோவியத் யூனியன்ல இருந்த ரீகா துறைமுகத்துல கொடி ஏத்தினாங்க. முதல் கேப்டன் கமாண்டர் கே.எஸ். சுப்ரமணியன். அதனாலதான் டிசம்பர் 8 சப்மரைன் தினம். அடுத்து காந்தேரி, கரஞ்ச், குர்சுரா. 1973, 74-ல வேலா, வாகிர், வாக்லி, வாக்‌ஷீர். எட்டும் சோவியத்ல கட்டின ஃபாக்ஸ்ட்ராட் ரகம்.

நீளம் சுமார் 91 மீட்டர். கேக்கப் பெருசா இருக்கும். அதுல டார்பிடோ, டீசல் இஞ்சின், பேட்டரி எல்லாம் போக மிச்ச இடத்துலதான் எழுபத்தஞ்சு பேருக்கு மேல இருக்கணும். முன்னாடி ஆறு, பின்னாடி நாலு டார்பிடோ குழாய். டார்பிடோ ரூம்லயே படுக்கை. ஒருத்தன் டியூட்டிக்கு எந்திரிச்சுப் போனா அந்தச் சூட்டோட அடுத்தவன் படுப்பான். குளிக்கத் தண்ணி கிடையாது. நாள் கணக்குல போட்ட துணியோட இருக்கணும். கரைக்கு வந்து எத்தனை சோப்புப் போட்டாலும் டீசல் வாடை போகாது.

இதுல எலக்ட்ரீஷியன் என்ன செய்வான்? இந்தப் போட்டுக்கு மேலே வந்தா டீசல், அடியில போனா பேட்டரி. டீசல் இஞ்சினுக்குக் காத்து வேணும், அதனால முங்கினதும் அதை நிறுத்தியாகணும். அப்புறம் விளக்கு, ஓட்டம், சமையல் எல்லாத்துக்கும் பேட்டரி ஒன்னுதான். நூத்துக்கணக்கான லெட் ஆசிட் செல். அது சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும். காத்துல அது நாலு சதவீதத்தைத் தொட்டா ஒரு பொறி போதும், போட்டே போயிரும். அந்த அளவைக் கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுப் பாத்துக்கிட்டே இருக்கிறது எலக்ட்ரிகல் ஆளுங்க. செல்லுக்கு மேல இருக்கிற இடுக்குல மரப்பலகையில மல்லாந்து படுத்து, ஒவ்வொரு செல்லா ஆசிட் அடர்த்தி பாக்கணும். எழுபத்தஞ்சு பேரும் நிம்மதியா தூங்கினாங்கன்னா அதுக்கு உங்க மாமனார் மாதிரி ஆளுங்கதான் காரணம்.

படங்களை இங்க போடுங்க. நானும் எங்க வாட்ஸாப் குழுவுல இருக்கிறவங்களும் ஆளை அடையாளம் பாக்குறோம். டிஸ்சார்ஜ் புக்கை மட்டும் போடாதீங்க, அதுல சர்வீஸ் நம்பர், உடம்பு அடையாளம் எல்லாம் இருக்கும்.

கேத்தி தம்பி:

ஐயா, இதெல்லாம் எனக்குத் தெரியவே தெரியாது. எங்க ஊர்ல பாகிஸ்தானோட நடந்த 71 யுத்தம்னா அப்ப ஆர்மி தளபதியா இருந்த மானெக்‌ஷா ஒருத்தர்தான் ஞாபகத்துக்கு வருவார். குன்னூர்ல இருந்தார், வெலிங்டன் ஆஸ்பத்திரியில 2008-ல காலமானார், ஊட்டி பார்ஸி கல்லறையில இருக்கார். ஸ்கூல்ல கூட்டிட்டுப் போயிருக்காங்க. அதே யுத்தத்துல சப்மரைன்காரங்க என்ன செஞ்சாங்க?

கோத்தகிரி எக்ஸ்நேவி:

தம்பி, மானெக்‌ஷா சாப் சமாதிக்கு நானும் வருஷாவருஷம் போறவன். பெரிய மனுஷர். நீ கேட்டதுக்கு வர்றேன். குர்சுராவும் கரஞ்சும் அந்த யுத்தத்துல அரபிக்கடல்ல ரோந்து போச்சு. வெளியே சொல்லிக்கிற மாதிரி எதையும் மூழ்கடிக்கல. ஆனா எதிரி கப்பல் எங்க போகுது வருதுன்னு பாக்கிறதும், அவங்க மனசுல 'அடியில எவனோ இருக்கான்'ங்கிற பயத்தை வைக்கிறதும்தான் சப்மரைனோட முக்கால்வாசி வேலை.

எதிர்ப்பக்கம் சப்மரைன் என்ன செய்யும்னும் அந்த யுத்தத்துலதான் பாத்தோம். டிசம்பர் 9 ராத்திரி பாகிஸ்தானோட ஹேங்கோர் சப்மரைன் நம்ம போர்க்கப்பல் குக்ரியை டார்பிடோ போட்டு மூழ்கடிச்சது. 18 ஆபீசர், 176 மாலுமி போயிட்டாங்க. கேப்டன் மகேந்திரநாத் முல்லா கப்பலை விட்டு இறங்கவே இல்ல. அவங்களுக்கு டையூவில நினைவிடம் இருக்கு. அதுக்குச் சில நாள் முன்னாடி, 3-ம் தேதி ராத்திரி, அவங்க காஸி சப்மரைன் விசாகப்பட்டினம் வாசல்ல மூழ்கிடுச்சு. உள்ள 90 பேருக்கு மேல. ஒருத்தரும் பிழைக்கல. நம்ம ராஜ்புத் கப்பல் போட்ட வெடியாலன்னு நம்ம நேவி சொல்லுது, உள்ளேயே வெடிச்சதுன்னு அவங்க சொல்றாங்க. எது எப்படியோ, அந்தப் போட் இன்னும் அதே கடலடியிலதான் கிடக்கு.

ஒன்னு சொல்லணும். இதுல யாருக்காவது வருத்தம்னாலும் பரவாயில்ல. விசாகப்பட்டினத்துல இருந்து கடலுக்குப் போகும்போது அந்த இடத்தைத் தாண்டுறப்ப நான் மனசுக்குள்ள கும்பிட்டிருக்கேன். எதிரிதான். ஆனா அந்த இரும்புக்குள்ள கடைசி நிமிஷம் எப்படி இருந்திருக்கும்னு எங்களுக்குத் தெரியும்.

மஞ்சூர்க்காரன்:

மரியாதையோட ஒரு மாற்றுக் கருத்து. எதிரிக்கு அஞ்சலி செலுத்துறது இருக்கட்டும். நம்ம ஆளுங்களுக்கு நாம என்ன செஞ்சோம்? வெலிங்டன் மருமகள் அக்கா வாக்லின்னு சொன்னதும் எனக்கு நெஞ்சு அடைச்சுப் போச்சு. 2010 டிசம்பர்ல வாக்லியைப் பணியில இருந்து விடுவிச்சாங்க. அதை மாமல்லபுரத்துக்குக் கொண்டுவந்து அருங்காட்சியகமா வைக்கப் போறதா திட்டம் வந்தது. தமிழ்நாட்டுக் கரையில ஒரு சப்மரைன்! நிறைவேறல. ஆந்திராவுல குர்சுரா 2001-ல ஓய்வு, 2002-லயே விசாகப்பட்டினம் ராமகிருஷ்ணா பீச்ல மணல் மேல தூக்கி வச்சு ஜனங்களுக்குத் திறந்துட்டாங்க. இன்னைக்கு அந்த ஊருக்குப் போற ஒவ்வொரு குடும்பமும் உள்ளே நுழைஞ்சு பாக்குது.

தமிழ்நாட்டுக்கும் சப்மரைனுக்கும் சம்பந்தம் இல்லாமலா? முதல் கேப்டன் பேரைப் பாருங்க. திருநெல்வேலி விஜயநாராயணத்துல 1990-ல இருந்து ஐஎன்எஸ் கட்டபொம்மன் நிலையம் இருக்கு, தண்ணிக்கடியில இருக்கிற போட்டுகளுக்குச் செய்தி அனுப்புறதே அங்கிருந்துதான். ஆனா நம்ம பிள்ளைங்க தொட்டுப் பாக்க ஒன்னும் இல்ல. பெட்டியையும் பேட்ஜையும் காப்பாத்துறது நல்லதுதான், ஆனா ஒரு முழுப் போட்டுக்கு ஈடாகுமா? அடுத்து ஓய்வு பெறுற சிந்துகோஷ் ரகத்துல ஒன்னையாவது நாம கேக்கணும்.

வெலிங்டன் மருமகள்:

அண்ணா, மாமல்லபுரத்துக்கு வாக்லி வருதுன்னு பேப்பர்ல வந்தப்ப மாமனார் அந்தத் துண்டை வெட்டி டிஸ்சார்ஜ் புக்குள்ள வச்சிருக்கார். பேரப்பசங்களை உள்ளே கூட்டிட்டுப் போய் தான் படுத்த பங்க்கைக் காட்டணும்னு ஆசைப்பட்டார். நீங்க எழுதினதுக்கு அப்புறம்தான் அந்தத் துண்டு எதுக்குன்னே எனக்குப் புரிஞ்சது.

கோத்தகிரி எக்ஸ்நேவி:

மஞ்சூர் தம்பி, உன் கோபம் நியாயம். ஆனா நான் குர்சுராவை நல்லா பாத்தவன். அதுல ஜனங்களை நிறுத்தி வைக்கிறது இரும்பு கிடையாது. உள்ளே ஓய்வு பெற்ற நேவிக்காரங்க வழிகாட்டியா நிக்கிறாங்க. 'இங்கதான் சமைப்போம், இந்த வால்வை இப்படித்தான் மூடணும்'னு ஒருத்தர் சொல்லும்போதுதான் பிள்ளைங்க வாயைப் பிளந்து நிக்கும். அந்த மாதிரி சொல்லத் தெரிஞ்ச ஃபாக்ஸ்ட்ராட் ஆளுங்க இன்னும் எத்தனை வருஷம் இருப்போம்? எங்க குழுவுல வர்ற செய்தியெல்லாம் இப்ப இரங்கல் செய்திதான்.

கடற்கரையில ஒரு சப்மரைனை வச்சிருக்கிறது சாதாரணச் செலவு இல்ல. உப்புக்காத்து தின்னுக்கிட்டே இருக்கும். விடாம சுரண்டிப் பெயின்ட் அடிக்கணும். அதுக்கு அரசாங்கம் வேணும், நாம மனுப் போடலாம், காத்திருக்கலாம். போடுவோம், நானும் கையெழுத்துப் போடுறேன். ஆனா இந்த மலையில இருக்கிற ஆளுங்களைப் பேசவச்சுப் பதிவு பண்றதுக்கு யார் அனுமதியும் வேண்டாம். அதை முதல்ல செய்வோம்னு சொல்றேன்.

பேரை மட்டும் நேவி விடல. 2017-ல இருந்து 2025 வரைக்கும் வந்த ஆறு புது போட்டுக்கும் கல்வரி, காந்தேரி, கரஞ்ச், வேலா, வாகிர், வாக்‌ஷீர்னு பழைய பேருங்களையே வச்சிருக்காங்க. வாக்லி பேர் அந்த ஆறுல இல்ல. அம்மா, அதனால உங்க பெட்டிக்கு மதிப்பு இன்னும் கூடுதல்.

ஊட்டி ஆவணக்காரி:

நான் பழைய ஏடுகள், புகைப்படங்கள் பராமரிப்பில் வேலை செய்பவள். பூஞ்சை பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லை, அதுதான் அவசரம்.

சகோதரி, முதலில் பூஞ்சை பிடித்த ஆல்பத்தை மற்றவற்றிலிருந்து பிரித்துத் தனியாக வையுங்கள். ஈரத்துணியால் துடைக்கவே கூடாது, பூஞ்சை படத்துக்குள் இன்னும் இறங்கும். வெயிலிலும் காயவைக்காதீர்கள். மழையில்லாத நாளில், நிழலில், காற்றோட்டமான இடத்தில் உலரவிட்டு, பிறகு வீட்டுக்கு வெளியே வைத்து மென்மையான தூரிகையால் தட்டி விடுங்கள். முகக்கவசம் கட்டாயம், அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது.

பசை ஆல்பத்திலிருந்து படத்தைப் பிய்க்காதீர்கள். பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் மெல்லிய நூலைப் படத்துக்கு அடியில் விட்டு, மெதுவாக அறுப்பது போல் இழுத்தால் விட்டுக்கொடுக்கும். கொடுக்காவிட்டால் விட்டுவிடுங்கள், பக்கத்தோடு சேர்த்து ஸ்கேன் செய்யலாம். ஸ்கேன் தெளிவு 600 டிபிஐ போதும். டிஃப் (TIFF) கோப்பாகச் சேமித்து, மூன்று பிரதி வையுங்கள், அதில் ஒன்று வெளியூரில் இருக்கட்டும். படத்துக்குப் பின்னால் பேர் எழுத வேண்டுமானால் பென்சில் மட்டும். லேமினேஷன் செய்யக் கடைக்காரர் ஆசை காட்டுவார், வேண்டாம். செலோடேப்பும் வேண்டாம்.

நம் ஊரில் அலமாரிக்குள் நாற்பது வாட் பல்பை எரியவிடும் பழக்கம் உண்டு. கம்பளிக்குச் சரி. படங்களுக்கும் நெகடிவுக்கும் அந்தச் சூடு கெடுதல். அதற்குப் பதில் மூடி இறுக்கமான பெட்டியில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகளை வையுங்கள். மணியின் நிறம் மாறினால் சூடாக்கி மறுபடி பயன்படுத்தலாம். காகிதம் இருக்கும் இடத்தின் ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பூஞ்சைக்குப் பெரும்பாலும் வழியில்லை. கையடக்க மீட்டர் ஒன்று வாங்கிப் பெட்டிக்குள் போட்டுவையுங்கள்.

மெடல்களையும் பேட்ஜையும் பளபளக்கத் தேய்க்கும் ஆசை வரும். தயவுசெய்து வேண்டாம். ஒவ்வொரு தேய்ப்பிலும் எழுத்துகள் கொஞ்சம் கரைந்துபோகும். அந்தக் கறுப்பும் அவர் அணிந்ததன் அடையாளம்தான்.

இன்னொன்று. அசலை விசாகப்பட்டினத்துக்கோ மும்பையில் உள்ள கடல்சார் வரலாற்றுக் கழகத்துக்கோ அனுப்பச் சொல்லி யாரும் அவசரப்படுத்தினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஆவணம் எந்த வீட்டிலிருந்து வந்தது, யார் யாரிடம் சொன்னது என்பதெல்லாம் எழுதப்படாமல் பொருள் மட்டும் போனால் அது அங்கே பத்தோடு பதினொன்று.

அருவங்காடு 63:

எல்லாம் சரி, ஆனா அரசு ரகசியச் சட்டம்னு (அஃபிஷியல் சீக்ரெட்ஸ் ஆக்ட்) ஒன்னு இருக்கு. நான் இங்க வெடிமருந்து ஃபேக்டரியில வேலை பாத்தவன், கையெழுத்துப் போட்டவன். வீட்ல பேசினதையெல்லாம் பதிவு பண்ணி நெட்ல போட்டா நாளைக்கு யார் பொறுப்பு? அந்த ரஷ்ய நோட்டை முதல்ல மூடி வைங்க.

கோத்தகிரி எக்ஸ்நேவி:

அருவங்காடு அண்ணே, நல்ல நேரத்துல சொன்னீங்க. நாங்களும் கையெழுத்துப் போட்டவங்கதான், இன்னைக்கும் சில விஷயம் பொண்டாட்டிகிட்டகூட பேசமாட்டோம். ஆனா கோடு எங்கன்னு தெரிஞ்சா பயம் வேண்டாம். ஃபாக்ஸ்ட்ராட்டோட உள் அமைப்பு ரகசியமே இல்ல, டிக்கெட் வாங்கினா குர்சுராவுல பாக்கலாம். சாப்பாடு, தூக்கம், சண்டை, சமாதானம், யார் பாடுவான், யார் அழுவான், இதுல ரகசியம் கிடையாது. எந்த இடத்துல ரோந்து போனோம், எவ்வளவு ஆழம், எந்த அலைவரிசை, இப்ப ஓடுற போட்டுல என்ன இருக்கு, இது எதையும் கேக்கவும் கூடாது, சொல்லவும் கூடாது. ரஷ்ய நோட்டை நான் நேர்ல பாத்துட்டுச் சொல்றேன், அதுவரைக்கும் ஒரு பக்கம்கூட ஏத்தாதீங்கம்மா.

ஊட்டி ஆவணக்காரி:

சேர்த்துக்கொள்ளுங்கள்: 2021 ஜூனில் பாதுகாப்பு அமைச்சகம் ஒரு கொள்கை அறிவித்தது. போர் வரலாற்று ஆவணங்களை வழக்கமாக 25 ஆண்டுகளில் வெளிப்படையாக்க வேண்டும் என்கிறது. அது அரசாங்கக் கோப்புகளுக்கு. அந்தக் கோப்புகளில் எலக்ட்ரீஷியன்களும் சமையல்காரர்களும் எந்த அளவுக்கு இருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

பெட்ஃபோர்டு மகள்:

இவ்வளவு நேரமும் படிச்சுக்கிட்டு இருந்தேன். எங்க அப்பாவும் சப்மரைன் ஆபீசர். ஸ்டாஃப் காலேஜ் படிக்க வந்து இந்த மலை பிடிச்சுப்போய், ஓய்வுக்கு அப்புறம் குன்னூர் பெட்ஃபோர்டுலயே தங்கிட்டார். நான் கேக்க வந்தது வேற. அக்கா, உங்க மாமியார் இருக்காங்களா?

இருந்தா அவங்களை முதல்ல உட்கார வச்சுக் கேளுங்க. போட் கடலுக்குப் போனா வீட்டுக்கு எந்தத் தகவலும் கிடையாது. எங்க போறாங்கன்னும் தெரியாது, எப்ப வருவாங்கன்னும் தெரியாது. கரையில இருந்து போட்டுக்குச் செய்தி போகும், அங்கிருந்து பதில் வராது, ஏன்னா பதில் அனுப்பினா இருக்கிற இடம் தெரிஞ்சிரும். அந்த மாசங்கள்ல காலனியில பொம்பளைங்கதான் ஒருத்தருக்கொருத்தர் பிரசவம் பாத்தாங்க, ஸ்கூல் ஃபீஸ் கட்டினாங்க, கெட்ட செய்தி வருமோன்னு கதவுச் சத்தத்துக்குப் பயந்தாங்க. 2013 ஆகஸ்ட்ல மும்பையில சிந்துரக்‌ஷக் சப்மரைன் வெடிச்சு 18 பேர் போனப்ப எங்க அம்மா ராத்திரி முழுக்க டிவி முன்னாடி உக்காந்திருந்தாங்க. அப்பா ரிட்டயர் ஆகிப் பல வருஷம் ஆச்சு, பக்கத்து ரூம்ல தூங்கிக்கிட்டு இருந்தார். அடுத்த பிப்ரவரியில சிந்துரத்னா சப்மரைன்ல புகை. லெப்டினென்ட் கமாண்டர் கபிஷ் முவாலும் லெப்டினென்ட் மனோரஞ்சன் குமாரும் திரும்பி வரல. அந்த ரெண்டு பேரையும் எங்க வீட்ல இன்னும் சொல்லுவோம்.

மியூசியத்துல பெரிஸ்கோப் இருக்கும். எங்க அம்மா பட்ட பாட்டை எந்தக் கண்ணாடிப் பெட்டியில வைப்பாங்க?

கோத்தகிரி எக்ஸ்நேவி:

மகளே, நீ சொன்னது எங்க யாருக்கும் தோணல. என் வீட்டம்மாகிட்ட இதைப் படிச்சுக் காட்டினேன். எந்திரிச்சுப் போய்க் காபி போட்டாங்க. அப்புறம் வந்து உக்காந்து ரெண்டு மணி நேரம் பேசினாங்க. போனை ஆன் பண்ணி வச்சிருந்தேன்.

வெலிங்டன் மருமகள்:

தாமதத்துக்கு மன்னிக்கணும். மாமி இருக்காங்க. ஆல்பத்தை அவங்க மடியில வச்சேன். நாங்க 'யார்னே தெரியல'ன்னு விட்ட படங்கள்ல ஒவ்வொருத்தரா காட்டிச் சொன்னாங்க, அதுவும் சாப்பாட்டை வச்சு. இவர் கொல்லம்காரர், மீன் குழம்புக்குத் தேங்காய் அரைக்கலன்னா கோவிச்சுக்குவார். இவர் பஞ்சாபி, நம்ம ரசத்தை டம்ளர்ல வாங்கிக் குடிப்பார். இந்தப் பையன் கல்யாணத்துக்கு லீவு கிடைக்கல, மாமனார்தான் பெரியவங்ககிட்ட பேசி வாங்கிக் கொடுத்தார். விசாகப்பட்டினம் குவார்ட்டர்ஸ்ல ஒவ்வொரு தடவை போட் திரும்பினதும் நாலஞ்சு பேராவது எங்க வீட்டுக்குத்தான் சாப்பிட வருவாங்களாம். முழுப் பேர் எல்லாருக்கும் ஞாபகம் இல்ல. ஊரும் குணமும் இருக்கு.

கடிதங்களை ஸ்கேன் பண்ணச் சம்மதிச்சாங்க. 'நான் இருக்கிற வரைக்கும் யாரும் படிக்கக் கூடாது'ன்னாங்க. அதுக்கு ஏதாவது வழி இருக்கா?

ஊட்டி ஆவணக்காரி:

கண்டிப்பாக உண்டு, ஆவணக் காப்பகங்களில் வழக்கமான நிபந்தனைதான். கடிதத்தின் பின்பக்கம், முத்திரைத் தேதி மட்டும் பட்டியலிடுவோம். உள்பக்கக் கோப்புகளைத் தனியாகப் பூட்டிவைத்து, எப்போது திறக்கலாம் என்று அவர் சொல்வதை எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். மாமி சொன்ன சாப்பாட்டுக் குறிப்புகளை அந்தந்தப் படத்தின் விவரத்தில் அவர் சொன்ன வார்த்தைகளிலேயே சேருங்கள். திருத்தி எழுதாதீர்கள்.

மஞ்சூர்க்காரன்:

முழுப் போட் கேக்கிறதை நான் விடல, மனு எழுதிக்கிட்டுத்தான் இருக்கேன். ஆனா இதையும் சேர்த்துச் செய்வோம். டிசம்பர் 7 கொடி நாள், ஸ்கூல் ஸ்கூலா கொடி விக்கிறோம். மறுநாளே சப்மரைன் தினம். அமெரிக்காவுல ரெண்டாம் உலக யுத்தத்துல போன 52 சப்மரைன் பேரையும் வாசிச்சு ஒவ்வொன்னுக்கும் மணி அடிக்கிற வழக்கம் ஓய்வு பெற்ற சப்மரைன்காரங்ககிட்ட இருக்கு. நாம சிந்துரக்‌ஷக் 18 பேர், சிந்துரத்னா ரெண்டு பேர், அப்புறம் நீலகிரியில இருந்து போய்ச் சேர்ந்த நம்ம ஆளுங்க பேரு, எல்லாம் வாசிக்கலாம். கேத்தி தம்பி, உங்க காலேஜ்ல இடம் கேட்டுப் பாரு.

கேத்தி தம்பி:

கேட்டுட்டேன் அண்ணா. ஹால் தர்றேன்னு சொல்லியிருக்காங்க, ஆனா பேசுறதுக்கு நேவிக்காரர் வரணும்னு கேக்கிறாங்க. கோத்தகிரி ஐயா வருவீங்களா? எங்க பெரியம்மா வீட்டுக்காரரும் நேவிதான், சப்மரைனான்னு விசாரிக்கிறேன்.

கோத்தகிரி எக்ஸ்நேவி:

வர்றேன் தம்பி. உன் பெரியப்பாகிட்ட டால்ஃபின் பேட்ஜ் வச்சிருக்கீங்களான்னு மட்டும் கேளு, அவருக்குப் புரியும். வெலிங்டன் அம்மா, வியாழக்கிழமை கேன்டீனுக்கு வர்றேன், அப்படியே வீட்டுக்கு வந்து அந்த ரஷ்ய நோட்டைப் பாக்குறேன். என் வீட்டம்மாவும் வர்றாங்க. உங்க மாமியும் அவங்களும் ஒரே காலனியில இருந்திருப்பாங்க போல, அந்தக் கொல்லம்காரரைப் பத்திச் சொன்னதும் 'அவர் சம்சாரம் என் சிநேகிதி'ன்னாங்க. அவங்ககிட்ட போன் நம்பர் இருக்கான்னு தேடிக்கிட்டு இருக்காங்க.